போடி வண்டி

மதுரைச் சந்திப்பில் சிறுவயதில் எனக்குத் தெரிந்தது இரண்டே வகை ரயில்தான். ஒன்று மெட்ராசுக்கும் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போவது. அதில் ஏறுகிறவர்கள் பெட்டி படுக்கையோடு வருவார்கள்; வழியனுப்ப ஒரு குடும்பமே கூட வரும். இன்னொன்று போடிக்குப் போவது. அதற்கு யாரும் வழியனுப்ப வந்து நான் பார்த்ததில்லை. கையில் ஒரு மஞ்சப்பை, ஒரு தூக்குவாளி, இடுப்பில் ஒரு பிள்ளை, அவ்வளவுதான் பயண ஏற்பாடு. அதை ரயில் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். 'போடி வண்டி' என்பார்கள். "ஏம்ப்பா, போடி வண்டி போயிருச்சா?" என்று மூச்சிரைக்கக் கேட்டுக்கொண்டே வரும் அப்பத்தாக்களுக்கு, "இல்ல ஆத்தா, நிக்கிது, மெதுவா வாங்க" என்று பதில் சொல்ல யாராவது ஒருவர் இருப்பார்.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் 90 கிலோமீட்டர். உசிலம்பட்டி வரை 37, அங்கிருந்து ஆண்டிபட்டி 21, அடுத்துத் தேனி 17, கடைசியாகப் போடிக்கு 15. சென்னையிலிருந்து தெற்கே இறங்கும் பெரும் பாதையை ரயில்வே வரைபடத்தில் பார்த்தால், அதன் பக்கவாட்டில் மேற்கே நீட்டிய சுண்டுவிரல் போல இது தெரியும். விரல் நுனி மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் முட்டி நின்றுவிடும். அதற்கு அப்பால் போடிமெட்டுக்கு ஏறும் ரோடுதான். ரயில் வந்த வழியே திரும்ப வேண்டும். வேறு ஊருக்குப் போகிற வழியில் போடி இருந்து, அதனால் அங்கே தண்டவாளம் வந்து சேரவில்லை. போடிக்காகவே போட்டார்கள். கிளைப் பாதை எதுவானாலும் அதன் மேல் ஊர்க்காரர்களுக்கு இருக்கிற தனிப் பாசத்துக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மதுரைக்குத் திருச்சியிலிருந்து ரயில் வந்தது 1875-ல். அடுத்த ஆண்டே அது தூத்துக்குடிவரை நீண்டது. 1902-ல் மண்டபத்துக்குப் போயிற்று. துறைமுகத்தையும் கடலையும் பார்த்து ஓடும் பாதைகளுக்குத்தான் முதல் மரியாதை. மலையைப் பார்த்து ஓடும் போடிப் பாதை 1928-ல்தான் வந்தது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்ட மீட்டர் கேஜ். அதுவரை கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் மாட்டுவண்டியை நம்பித்தான் இருந்தது. முல்லைப் பெரியாறு அணை கட்டியபோதுகூடச் சாமான்கள் வந்து இறங்கியது அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடைரோட்டில். அங்கிருந்து மலையடிவாரம் வரை வண்டிமாடுதான்.

போடிக்கு ரயில் கொண்டுவந்தது மலைச் சரக்கு. ஏலக்காய், தேயிலை, காப்பி, மிளகு எல்லாம் ஏலமலையிலும் மூணாறிலும் விளைந்து, கீழே இறங்கும் வாசல் போடி. இதில் அதிகம் பேர் அறியாத ஒரு கதை உண்டு. மூணாறு மலைமேல், போடிக்கு ரயில் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே, ஒரு சின்ன ரயில் ஓடியது. 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில், மாடு இழுக்கும் வண்டியாகத் தொடங்கியது. 1908-ல் இரண்டடி அகலப் பாதை போட்டு நீராவி எஞ்சினே கொண்டுவந்துவிட்டார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். மூணாறில் ஏற்றிய தேயிலைப் பெட்டிகள் மலை விளிம்பில் இருந்த டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டே செங்குத்தாகக் கொட்டகுடிப் பக்கம் இறங்கும். கொட்டகுடியிலிருந்து மாட்டுவண்டியில் போடி. பிறகு தூத்துக்குடி, கப்பல், சீமை.

1924 ஜூலையில் மலையே கரைந்தது போல மழை பெய்தது. மலையாளத்து ஆண்டுக் கணக்கில் அது 1099 என்பதால் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று இன்றும் மலைமக்கள் சொல்கிறார்கள். அந்த வெள்ளத்தில் குண்டளை ரயில் அடித்துக்கொண்டு போனது. மறுபடி யாரும் போடவில்லை. அதற்கு நான்கு ஆண்டு கழித்துத்தான் கீழே போடிக்கு ரயில் வந்தது. மேலே ரயில் இருந்த காலத்தில் கீழே இல்லை, கீழே வந்தபோது மேலே இல்லை. ஒரே தேயிலையைச் சுமக்கப் பிறந்த இரண்டு சின்ன ரயில்கள் ஒருநாள்கூட ஒன்றையொன்று பார்க்கவில்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மலைமேல் நிற்கிறது. சுற்றுலா போகிறவர்கள் பனிமூட்டத்தைப் படம் எடுத்துவிட்டு வருகிறார்கள்; அந்த ஊர்ப் பெயரில் ஸ்டேஷன் எப்படி வந்தது என்பதையும் அங்கே நின்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

சரக்குக்காகப் போட்ட பாதைதான், ஆனால் அது கடந்து போன மண்ணுக்கு வேறொரு வரலாறு இருந்தது. செக்கானூரணியிலிருந்து உசிலம்பட்டி தாண்டும் வரை கள்ளர் நாடு. வெள்ளைக்காரன் அந்த மக்கள்மேல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சுமத்தியிருந்தான். ஊரில் அதற்குக் கைரேகைச் சட்டம் என்று பெயர். வயதுவந்த ஆண்கள் கைரேகை வைத்துப் பதிய வேண்டும், ராத்திரி போலீஸ் கண்பார்வையில் படுக்க வேண்டும், ஊர் தாண்டிப் போக வேண்டுமென்றால் சீட்டு வாங்க வேண்டும். இதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் சனங்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் உள்ளிட்ட பலர் அங்கேயே மாண்டார்கள். எட்டே வருஷத்தில் அதே மண்ணில் தண்டவாளம் வந்து இறங்கியது. ஏலக்காய் மூட்டை எந்தத் தடையும் இல்லாமல் மதுரைக்குப் போகலாம். அந்தத் தண்டவாளத்துக்குப் பக்கத்துக் குடிசையில் இருக்கிறவன் சீட்டு இல்லாமல் அடுத்த ஊருக்குப் போக முடியாது. சட்டம் ஒழிந்தது 1947-ல். போடி ரயிலின் வரலாற்றை ஏலக்காய் வாசனையோடு மட்டும் எழுதுகிறவர்கள் உசிலம்பட்டி ஸ்டேஷனைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சட்டம் ஒழிந்தபோது அங்கே ரயிலே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தது. 1942-ல் போடிப் பாதையை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பிறந்து பதினான்கே வருஷம். கிளைப் பாதைகளின் விதி இதுதான். எங்கோ ஒரு பெரிய தேவை வந்தால் முதலில் கை வைப்பது இவற்றின் மேல்தான். கேரளத்தில் ஷொரனூரிலிருந்து நிலம்பூர் போகும் கிளைக்கும் அந்தப் போரில் இதே கதிதான் நேர்ந்தது. விடுதலைக்குப் பிறகு, 1950-களில், மறுபடி தண்டவாளம் போட்டு மறுபடி போடி வண்டி ஓடியது.

நான் ஏறியது இந்த இரண்டாம் பிறவியில்தான். பள்ளி விடுமுறைக்குப் போடியில் இருந்த அத்தை வீட்டுக்குப் போவோம். ஜன்னலோரம் கிடைப்பதற்குப் போராட வேண்டியதில்லை. ஒரு இடம் காலியாகவே இருக்கும். டிக்கெட் தடித்த அட்டையில் இருக்கும். பஞ்ச் போட்டுக் கொடுத்ததை உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டே போவேன், மதுரையில் வாங்கிய அட்டை தேனிக்குள் வியர்வையில் ஊறிவிடும். ஊரைத் தாண்டியதும் நாகமலை கூடவே வரும். நீளமான பாம்பு வெயிலில் படுத்துக் கிடப்பது போல. பாம்பு முடிகிற இடத்தில் பனைமரமும் கரட்டுக் காடும். வண்டி வேகமே எடுக்காது. மீட்டர் கேஜ் என்றால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர். அந்த ஒடுக்கமான பாதையில் பெட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டில் ஆடுவது போல ஆடும். எங்கள் அம்மா அந்த ஆட்டத்திலேயே தூங்கிவிடுவார். பருத்திக் காட்டில் களை எடுக்கிறவர்கள் நிமிர்ந்து கையசைப்பார்கள். முகம் தெரிகிற தூரம், முகம் தெரிகிற வேகம்.

உசிலம்பட்டியில் வண்டி பாதி காலியாகி, மறுபடி நிறையும். ஆட்டுக்குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஏறுவார்கள். மல்லிகைக் கூடை ஏறும். அதற்கப்புறம்தான் எனக்குப் பிடித்த இடம், ஆண்டிபட்டிக் கணவாய். இரண்டு பக்கமும் பாறை நெருங்கி வரும். சட்டென்று வெளிச்சம் குறைந்து, சக்கரச் சத்தம் பாறையில் பட்டு இரட்டிப்பாகத் திரும்பி வரும். பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் கத்துவோம், பாறையும் கத்தும். கணவாயைத் தாண்டியதும் காற்று மாறிவிடும். மதுரையின் காந்தல் போய், மலைக்காற்றின் ஈரம் முகத்தில் படும். மதுரைச் சமவெளி முடிந்து வைகைப் பள்ளத்தாக்கு தொடங்குவதைப் பூகோளப் புத்தகத்தில் படிக்கும் முன்பே தோலால் தெரிந்துகொண்டவன் நான். குன்னூர்ப் பக்கம் வைகையைத் தாண்டும்போது பெரியவர்கள் ஜன்னல் வழியாகக் காசு போட்டுக் கும்பிடுவார்கள்.

திரும்பி வரும்போது வேறு வாசனை. போடியில் ஏறுகிறவர்களின் பையில் எப்படியும் ஏலக்காய் இருக்கும். தலையணைக்கென்று வாங்கிய இலவம் பஞ்சு மூட்டை ஒன்றாவது மேல் தட்டில் இருக்கும். அதிலிருந்து ஒரு இழை பறந்து வந்து மூக்கில் ஒட்டும். மலைத்தோட்டத்தில் வேலை முடிந்து ஊர் திரும்பும் குடும்பங்கள் சட்டி பானையோடு வந்து ஏறுவார்கள். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்தான் என்பது எனக்கு அந்தப் பெட்டிக்குள் தெரிந்தது. குளிருக்குப் போர்த்திய கம்பளியை மதுரை வெயிலுக்குள் வரும்வரை எடுக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒரு கிளைப் பாதை ஊர்களின் தலையெழுத்தை எப்படி மாற்றும் என்பதற்குத் தேனியைவிட நல்ல சாட்சி வேண்டாம். இந்தப் பகுதியின் பழைய பெரிய ஊர் பெரியகுளம். தண்டவாளம் பெரியகுளத்தைத் தொடவில்லை, தேனியைத் தொட்டது. சந்தை தேனியில் வளர்ந்தது, பஞ்சு வியாபாரம் வளர்ந்தது. 1996-ல் மதுரையிலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் உண்டாக்கியபோது தலைநகரானதும் பெயர் கொடுத்ததும் தேனிதான். ரோடுகள் கூடுகிற இடம் என்பதும் காரணம், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டேஷன் இல்லாமல் இருந்திருந்தால் கதை இப்படிப் போயிருக்குமா என்பது சந்தேகம்.

நாடெங்கும் ஒரே அகலம் என்ற திட்டம் 1992-ல் தொடங்கியது. 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை ஒவ்வொன்றாக மதுரைக்கு வந்து சேர்ந்தது. ராமேஸ்வரம் பாதை 2007-ல் மாறிய பிறகு, மதுரையில் மிஞ்சிய மீட்டர் கேஜ் போடிக்கு மட்டும்தான். மற்ற எந்தப் பாதையோடும் சேராத தனித்தீவாகிவிட்டது அந்தச் சின்ன ரயில். 2010 டிசம்பர் 31 அன்று அது கடைசியாக ஓடியது. அகலப் பாதை வேலைக்காகத்தான் நிறுத்துகிறோம், சீக்கிரம் வந்துவிடும் என்றார்கள்.

பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. இதைச் சொல்லும்போது எனக்கு வருகிற கோபத்தை நான் மறைக்க விரும்பவில்லை. போருக்காகப் பெயர்த்த பாதையைத் திரும்பப் போட எடுத்துக்கொண்ட காலமும் ஏறக்குறைய இவ்வளவுதான். 90 கிலோமீட்டரில் ஒரு கணவாய், சில பாலங்கள். கணவாயில் பாறையை உடைத்து வழியை அகலமாக்க வேண்டியிருந்தது உண்மை, சிரமமான வேலைதான். ஆனால் பல ஆண்டுகள் வேலை நின்றதற்குப் பாறை காரணம் இல்லை. பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகைதான் காரணம். ஒவ்வொரு ஆண்டும் சொற்பத்தைக் கிள்ளிப் போட்டால் எந்தப் பாதைதான் முடியும்? அதற்குள் அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பிறந்த பிள்ளை ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டது, ரயிலில் ஏறாமலேயே. தண்டவாளம் போட்டிருந்த மேட்டில் கருவேலம் முளைத்தது. சனம் பஸ்ஸுக்குப் பழகிவிட்டது. ரயிலை நிறுத்தினால் வண்டியோடு பழக்கமும் நின்றுவிடும் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

2020 ஜனவரியில் உசிலம்பட்டி வரை சோதனை ஓட்டம். அந்த ஆண்டுக் கடைசியில் ஆண்டிபட்டி வரை. 2022 மே 26 அன்று சென்னையில் நடந்த விழாவில் மதுரை–தேனி அகலப் பாதையைப் பிரதமர் தொடங்கிவைத்தார். 75 கிலோமீட்டருக்கு 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு என்று அறிவித்தார்கள். 2023 ஜூன் 15-ல் போடிக்கு ரயில் வந்தது. அதோடு இன்னொன்றும் நடந்தது. சென்னை சென்ட்ரலிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் ஒரு விரைவு ரயில் சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகப் போடிவரை வரத் தொடங்கியது. மீட்டர் கேஜ் காலத்தில் மதுரையில் இறங்கி மாறாமல் போடிக்காரன் அகலப் பாதை ஊர் எதற்கும் போக முடியாது. இப்போது ராத்திரி போடியில் ஏறிப் படுத்தால் காலையில் சென்னை. ஏல வியாபாரிக்கும் சென்னையில் படிக்கிற பிள்ளைக்கும் இது பெரிய விஷயம். இதை மனசாரப் பாராட்ட வேண்டும்.

அகலப் பாதையில் நானும் போய்வந்தேன். பெட்டி ஆடவில்லை. கணவாயில் பாறை விலகி நிற்கிறது, வெளிச்சம் குறைவதற்கு முன்பே வெளியே வந்துவிடுகிறோம். பக்கத்து இருக்கைப் பையன் கத்தவில்லை. காதில் ஏதோ மாட்டியிருந்தான். ஸ்டேஷன்களில் புது நடைமேடை, உயரமாக, நீளமாக. பயண நேரம் நன்றாகவே குறைந்துவிட்டது. பழைய ஆட்டமும் பழைய எதிரொலியும் போனதற்காக நான் அழப் போவதில்லை. கழுத்து வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு ஆடாத பெட்டிதான் நல்லது. எனக்குக் குறையாகப் பட்டது வேறு.

தேனிவரை வந்து, பிறகு போடிக்கு நீட்டித்த அந்தத் தினசரி ரயில், காலையில் மதுரையில் கிளம்பிப் போடிக்கு வருகிறது. சாயங்காலம் போடியில் கிளம்பி மதுரைக்குத் திரும்புகிறது. யாருக்காக இந்த நேரம்? மதுரையிலிருந்து தேனிக்கு வேலைக்குப் போகிறவருக்குச் சரி. ஆனால் இந்தப் பாதையில் பெரும் ஓட்டம் எதிர்த் திசையில். உசிலம்பட்டியிலிருந்தும் ஆண்டிபட்டியிலிருந்தும் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு, காலேஜுக்கு, கோர்ட்டுக்கு, ஜவுளி வாங்க, கூலி வேலைக்கு விடிகாலையில் கிளம்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் இன்றும் பஸ்ஸில் தொங்குகிறார்கள். பாதைக்கு நடுவில் வடபழஞ்சிக்குப் பக்கத்தில் காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் தேனிப் பிள்ளைகளுக்குக் காலையில் வந்து சேர ஒரு வண்டி இல்லை. தண்டவாளத்தை அகலமாக்கினோம், வண்டியை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் விடுவோம் என்றால் 500 கோடி எதற்கு?

சின்னப் பாதையை எப்படி நடத்துவது என்பதற்கு உலகத்தில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1963-ல் இங்கிலாந்தில் பீச்சிங் என்பவர் கொடுத்த அறிக்கையை வைத்து ஆயிரக்கணக்கான மைல் கிளைப் பாதைகளை, லாபம் இல்லை என்று மூடினார்கள். அதே இங்கிலாந்தில் ஸ்டூர்பிரிட்ஜ் என்ற ஊரில் ஒரு கிளை தப்பிப் பிழைத்து ஓடுகிறது. நீளம் எவ்வளவு தெரியுமா? 1.3 கிலோமீட்டர். மெயின் லைன் ஸ்டேஷனிலிருந்து டவுனுக்கு ஒரே ஒரு நிறுத்தம். நம் ஊர் மினி பஸ் அளவுள்ள ஒற்றைப் பெட்டி, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய்ப் போய் வருகிறது. பெரிய ரயிலை நாளைக்கு ஒருமுறை விடுவதைவிடச் சின்ன ரயிலைப் பலமுறை விட்டார்கள், ஜனம் ஏறுகிறது.

நம் பக்கத்திலேயே இரண்டு பாடங்களும் இருக்கின்றன. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 30 கிலோமீட்டர் கிளை ஒன்று 1926-லிருந்து ஓடியது. 1986-ல் நிறுத்தினார்கள். அது திரும்பி வரவே இல்லை. ஸ்டேஷன் கட்டடங்களை மரவேர் தின்றுகொண்டிருக்கிறது. வேதாரண்யம் உப்பளத்துப் பக்கம் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் பாதை நீண்ட காலம் மூடிக் கிடந்து 2023 ஏப்ரலில் மீண்டும் திறந்தது. திறந்ததோடு வேலை முடிந்துவிடாது. ஆள் ஏறவில்லை, ஆகவே வண்டியைக் குறைக்கிறோம், வண்டி குறைந்ததால் ஆள் ஏறவில்லை என்ற வட்டத்துக்குள் ஒரு கிளைப் பாதை விழுந்துவிட்டால் அதை யாரும் தூக்கிவிட மாட்டார்கள். தரங்கம்பாடிக்கு நடந்தது அதுதான்.

போடிக்கு அது நடக்கக் கூடாது. திண்டுக்கல்லிலிருந்து குமுளிக்குப் புதுப் பாதை வேண்டும் என்று தேனி மாவட்டத்தார் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள்; அது நியாயமான கோரிக்கை, கிடைக்கும்போது கிடைக்கட்டும். அதற்குக் காத்திராமல், போட்டு முடித்த பாதையில் இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. விடிகாலை 5:30 மணிக்குப் போடியிலிருந்து ஒரு ரயில். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கட்டும், நான்கு பெட்டி போதும். 8 மணிக்குள் மதுரையில் இறக்கிவிடட்டும். சாயங்காலம் 6 மணிக்கு அதே வண்டி திரும்பட்டும். தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்துக்கும், மதுரை, தேனி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் இந்த ஒரே ஒரு வேண்டுகோளைத்தான் வைக்கிறேன். இதைப் படிக்கிற உசிலம்பட்டிக்காரரும் ஆண்டிபட்டிக்காரரும் ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள். அப்படியே, இருக்கிற வண்டியிலும் மாதத்துக்கு ஒருமுறையாவது டிக்கெட் எடுத்து ஏறுங்கள்.